உப்பில் நார்த்தங்காய், பாகில் ஆரஞ்சுத் தோல்

ஒரு சாத்துக்குடியைப் பிழிந்து முடித்தால், காசு கொடுத்து வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதி குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. அபிராமம் கடைத்தெருவானாலும் மதுரை மாட்டுத்தாவணியானாலும் ஜூஸ் கடை வாசலில் இதே கதைதான். அந்தத் தோலை வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தால் அதற்கு மவுசு வந்துவிடும். கிறிஸ்துமஸ் கேக்குக்குள் கடிபடும், கொஞ்சம் கசந்து நிறைய மணக்கும் அந்த மஞ்சள் துண்டு இப்படித்தான் பிறக்கிறது.

நம் ஊர் பேக்கரிகளில் அது கிடைப்பது அபூர்வம். கேக்கிலும் பன்னிலும் சிவப்பும் பச்சையுமாகத் தெரிகிற டூட்டி ஃப்ரூட்டி, பெரும்பாலும் பப்பாளிக்காய். சாயமும் எசன்ஸும் சேர்த்த சர்க்கரைக் காய், அவ்வளவுதான். மணமுள்ள தோலை வீசி எறிந்துவிட்டு மணமில்லாத காய்க்கு எசன்ஸ் ஊற்றுகிறோம். எனக்கு இது விசித்திரமாகப் படுகிறது.

இராமநாதபுரம் கடற்கரைக்குக் கிறிஸ்துமஸ் அந்நியமல்ல. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர்கள் இங்கே உண்டு. 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடியது. அக்கரையான இலங்கையின் கேக் இன்றைக்கும் நம்முடையதைவிடக் கனமானது. ரவை, முந்திரியோடு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் அதில் சேரும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது தனுஷ்கோடியை அழித்தது. அந்தக் கப்பல் தடமும் அதோடு போயிற்று. கமுதி வட்டத்தில் உள்ள அபிராமம் கடலோர ஊர் இல்லை. ஆனாலும் சபர், அதாவது வெளிநாடு, போய்ச் சம்பாதித்தவர்கள் நிறைந்த அந்தப் பேரூரின் சமையலறைகளில், இந்தத் தோலின் நெருங்கிய சொந்தம் ஒன்று ஜாடிக்குள் இருக்கும்: உப்பு நார்த்தங்காய்.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான். காயைத் துண்டாகாமல் சுருள் சுருளாக அரிந்து, இடையிடையே கல் உப்பை அடைத்து, ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் காய் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர். தண்ணீர் சுண்டச் சுண்ட நார்த்தங்காய் கறுத்துச் சுருங்கி, வருடக்கணக்கில் கெடாத ஒன்றாக மாறிவிடும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு, நல்ல உடம்புக்காரருக்குப் பழைய சோற்றோடு இரண்டு துண்டு. உப்புக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் வாலிநோக்கத்தில்தான் இருக்கின்றன.

உப்பு நார்த்தங்காய், தேன் நெல்லி, பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி முரப்பா, ஐரோப்பியரின் ஆரஞ்சுத் தோல் மிட்டாய், இவை நான்கும் ஒரே தந்திரத்தின் நான்கு வடிவங்கள். பண்டத்தில் தண்ணீர் இருக்கும். ஆனால் கிருமியால் அதைக் குடிக்க முடியாது.

பண்டம் கெடுவது அதிலுள்ள தண்ணீரின் அளவைப் பொறுத்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1950-களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ.ஜே. ஸ்காட் வேறொரு கணக்கைக் காட்டினார். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே முக்கியம். 1953-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றியது. இந்த அளவைக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. ஸ்காட் பார்த்த ஆசாமி 0.86 வரை தாக்குப்பிடிப்பான். பூஞ்சைகளில் பலவும் 0.80-ல் அடங்கிவிடும். சர்க்கரைக்கே பழகிப்போன சில ஈஸ்ட்டுகள் மட்டும் 0.62 வரை விடாப்பிடியாக வாழும்.

இனி உப்பையும் சர்க்கரையையும் தராசில் வைப்போம். 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்புத்தான் கரையும். அதற்குள் நீர்ச் செயல்பாடு 0.75-க்கு இறங்கிவிடும். அதே தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை கரைந்தாலும் 0.85-க்குக் கீழே போவது கடினம். உப்பைப்போல் ஐந்தரை மடங்கு எடை போட்டும் சர்க்கரை தோற்கிறதே, ஏன்? தண்ணீரைப் பிடித்து வைப்பதில் எடைக்கு மதிப்பில்லை, தலைகளின் எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. சர்க்கரை மூலக்கூறு உப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு கனமானது. தண்ணீரில் கரைந்தாலும் முழுசாகவே கிடக்கும். உப்போ கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். கணக்குப் போட்டால், 36 கிராம் உப்பில் கிடைக்கும் துகள்கள் 200 கிராம் சர்க்கரையில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. சர்க்கரையையும் எப்படியாவது இரண்டாகப் பிளந்துவிட்டால்? அதற்கு வழி உண்டு, அடுப்பில் பாகு ஏறும்போது அதைச் சொல்கிறேன். முதலில் தோலுக்கு வருவோம்.

ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பாருங்கள். வெளியே நிறமுள்ள மெல்லிய படலம். அதில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். உள்ளே வெள்ளைப் பஞ்சு. எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். தோலை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் மடக்கிப் பிதுக்கினால் பொறி பறப்பது இதனால்தான். ஊதிய பலூன்மேல் பிதுக்கினால் ரப்பர் இளகி பலூன் வெடிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை, சுடர் விளையாட்டை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பஞ்சில் இருப்பது பெக்டின், நார், நிறையக் காற்று. அது வெள்ளையாகத் தெரிவதே அந்தக் காற்றால்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

கசப்பு எல்லாத் தோலிலும் ஒன்றல்ல. பம்பளிமாஸிலும் அதன் வழிவந்த கிரேப்ஃப்ரூட்டிலும் நரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் உண்டு. இனிப்பு ஆரஞ்சில் அதன் இடத்தில் ஹெஸ்பெரிடின் இருக்கிறது. அதற்குச் சுவையே கிடையாது. ஆகவே புதிதாகச் செய்பவர்கள் ஆரஞ்சிலோ சாத்துக்குடியிலோ தொடங்கலாம். கமலா ஆரஞ்சின் தோல் உரிக்கச் சுலபம், ஆனால் பாகில் ஊற அதில் சதை போதாது. தடித்த தோல்தான் இந்த வேலைக்கு ராஜா. ஐரோப்பியர்கள் உயர்த்திப் பிடிக்கும் சிட்ரான் பழத்தில் சாறு பேருக்குத்தான் இருக்கும், தோல் விரல் தடிமன். நம் நார்த்தை வகைகளும் அந்தச் சாயல் கொண்டவை. நார்த்தங்காயைப் பாகில் போட்டுப் பார்க்க யாரும் துணிவதில்லை. துணியலாம், கொதிக்கவைக்கும் தண்ணீரை மட்டும் கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கும்.

செய்முறையின் முதல் பாதி இந்தக் கொதிக்கவைப்புத்தான். பளபளப்புக்காகப் பழத்தின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள், ஆகவே வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலை விரல் அகலத் துண்டுகளாக அரிந்து, மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிடுங்கள். இப்படி மூன்று தடவை. ஒரே தண்ணீரில் அரை மணி நேரம் விட்டால் என்ன என்று கேட்கலாம். தோலிலும் தண்ணீரிலும் கசப்பு சமமானதும் அதற்குமேல் வெளியேறாது. ஒவ்வொரு தடவையும் பாதிக் கசப்பு போகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் தடவையில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். முழுவதும் போக்கிவிடவும் வேண்டாம். கசப்பே இல்லாத தோல் வெறும் சர்க்கரைத் துண்டு.

கசப்போடு மணமும் கொஞ்சம் போகும். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி. ஆனாலும் நீராவி அதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வீடெல்லாம் ஆரஞ்சு மணக்கிறதே என்று மகிழும்போது, தோலில் இருக்கவேண்டியதுதான் கூரைக்குப் போகிறது. மூடி போட்டுக் கொதிக்கவிடுவது நல்லது. சீக்கிரம் வேகட்டும் என்று சிலர் சமையல் சோடா சேர்ப்பார்கள். அது பெக்டினைக் கரைத்துத் தோலைக் கூழாக்கிவிடும்.

கசப்பை எடுப்பதைவிட முக்கியமான இன்னொரு வேலையையும் இந்தக் கொதிநீர் செய்கிறது. உயிருள்ள தோலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அது தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. பச்சைத் தோலை நேரே கெட்டிப் பாகில் போட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவரும். பதிலுக்குச் சர்க்கரை உள்ளே போகாது. தோல் சுருங்கி வாராகிவிடும். நார்த்தங்காய் உப்பில் சுருங்குவதற்கும் இதுதான் காரணம். அங்கே சுருக்கம்தான் நமக்கு வேண்டியது. இங்கே தோல் புஷ்டியாக இருக்கவேண்டும். கொதிநீர் அந்தச் சவ்வைச் சிதைத்துவிடுகிறது, சர்க்கரைக்குக் கதவு திறக்கிறது. தேன் நெல்லி போடுபவர்கள் காயை முதலில் ஆவியில் வேகவைப்பதும் முள்கரண்டியால் குத்துவதும் இதே காரணத்தால்தான். கட்டைவிரல் நகம் எளிதாக இறங்கும் பதத்துக்குத் தோல் வெந்திருக்க வேண்டும். பாகில் விழுந்த பிறகு அது மேலும் மென்மையாகாது. வேகாத தோல் கடைசிவரை வேகாத தோல்தான்.

இப்போது பாகு. வெந்து வடித்த தோல் 250 கிராம் என்றால், சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 200 மில்லி. சர்க்கரை கரைந்ததும் தோலைப் போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது; அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும்.

இனி நடப்பது பொறுமையின் கணக்கு. சர்க்கரை தோலுக்குள் ஊர்ந்துதான் போகிறது, அந்த ஊர்தலுக்கு ஒரு விதி உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. சாத்துக்குடித் தோலுக்கு முக்கால் மணி நேரம் போதும் என்றால், அதைப்போல் மும்மடங்கு தடித்த நார்த்தந்தோலுக்கு ஏழு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். முழு நெல்லிக்காய்க்கு நாள்கணக்கு. அடுப்பில் அத்தனை நேரம் வைத்தால் பாகு கருகிவிடும். பிரான்ஸின் தெற்கே ஆப்ட் என்ற ஊர் சர்க்கரைப் பழங்களுக்குப் பேர்போனது. முழுப் பழங்களுக்கு அங்கெல்லாம் கையாளும் முறையில், முதலில் நீர்த்த பாகில் ஊறப்போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போவார்கள். நார்த்தந்தோலுக்கும் அதுவே சரி. தினம் பத்து நிமிடம் சூடேற்றி இறக்கி மூடிவையுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே பாகைக் கெட்டியாக்கினால், சர்க்கரை உள்ளே போவதற்குள் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

முடிந்ததா என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். வெள்ளையாக மிதந்த தோல் கண்ணாடிபோலத் தெளியும். பஞ்சிலிருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் பாகு புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, செல்லின் நாருக்கு ஏறக்குறைய 1.5, இரண்டின் எல்லையிலும் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிந்தது. 70 சதவீதப் பாகுக்கு அந்த எண் 1.46-க்கு மேல். நாருக்கும் பாகுக்கும் வேறுபாடு தெரியாமல் ஒளி நேரே கடந்துவிடுகிறது. நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிற துண்டுக்குள் பாகு இன்னும் சேரவில்லை.

சமையலறையில் வெப்பமானி இருந்தால் 105, 106 டிகிரியில் இறக்கலாம். சர்க்கரை 70 சதவீதத்தை எட்டியிருக்கும். இல்லாவிட்டால் விரல்களுக்கிடையே கம்பி பார்க்கும் நம் பாட்டிமார் முறை இருக்கவே இருக்கிறது, ஒற்றைக் கம்பிப் பதம் போதும்.

இந்த 70 சதவீதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, சர்க்கரை ஏற்றிய பழத்திலும் தோலிலும் மொத்தச் சர்க்கரை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் அறை வெப்பத்தில் வெறும் சீனி 67 சதவீதத்துக்குச் சற்று மேல் வரைதான் கரைந்து நிற்கும். மிச்சம் படிகமாக வெளியே வந்து தோலை மணல்போல் நறநறவென்று ஆக்கிவிடும். அப்படியானால் விதி நடக்க முடியாததைக் கேட்கிறதா? விதியின் அடுத்த வரி விடை சொல்கிறது. மொத்தச் சர்க்கரையில் 25 சதவீதமாவது ஒடுக்கும் சர்க்கரையாக, அதாவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக இருக்க வேண்டும்.

முன்பு பாக்கி வைத்த கேள்விக்கும் இதுதான் பதில். சீனியின் ஒரு மூலக்கூறு, குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்தது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்தக் கை விடுபடும். பாகில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மெல்லக் காய்ச்சினால் சீனியின் ஒரு பகுதி இரண்டாகப் பிளந்துபோகும். தலைகளின் எண்ணிக்கை கூடும். உப்பு தானாகவே செய்துகொண்டதை, சர்க்கரையை எலுமிச்சை செய்யவைக்கிறது. நீர்ச் செயல்பாடு மேலும் இறங்கும். மூன்று வகைச் சர்க்கரை கலந்து நிற்பதால் படிகம் கட்டவும் தடுமாறும்.

இதே வேதியியலை நேர் எதிராகப் பயன்படுத்துகிறவர்களும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், சாயல்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளர்கள். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமலிருக்க. புளிப்பு ஏறவில்லை என்றால் சீனி உடையாது. உடையாத சீனிதான் நன்றாகப் படிகம் கட்டும். பனங்கற்கண்டுக்காகக் காய்ச்சிய பாகை, நூல் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைக்கிறார்கள். அவர்களுக்குப் படிகம் வேண்டும், நமக்கு வேண்டாம். ஆகவே நாம் சுண்ணாம்பை விட்டு எலுமிச்சையைப் பிடிக்கிறோம். பாகு சுண்டும்போது கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கலக்கினால் படிகம் விதைத்த கணக்கு.

கடைசி வேலை காயவைப்பது. இராமநாதபுரம் மாவட்டத்தில் அது ஒரு வேலையா என்று நினைக்கலாம். கமுதி வட்டாரத்தில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே வந்தது, அவ்வளவு வெயில். ஆனால் டிசம்பர் வேறு மாதம். ஆண்டின் பெரும்பகுதி மழையைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று அப்போதுதான் விடைபெற்றுக்கொண்டிருக்கும். மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்ளும்.

நாம் பார்த்த அதே எண்கள்தான் இங்கேயும் ஆட்சி செய்கின்றன. சர்க்கரையின் 0.85 என்பதற்கு, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் சீனி தானாகவே கசியும் என்றும் பொருள். சுத்தமான உப்புக்கு அந்த எல்லை 75. கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33. மழை வருமுன்னே உப்பு ஜாடி வேர்ப்பது அதனால்தான். எலுமிச்சையால் உடைந்த சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸுக்கும் ஈரம் என்றால் உயிர். படிகத்தைத் தடுத்த அதே பொருள், மழைக்காலத்தில் தோலைப் பிசுபிசுக்க வைக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கை தாராளமாக ஊற்றியவர்களின் தோல் மிட்டாய் எத்தனை நாள் ஆனாலும் காயாது.

வடித்தெடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பி வலையில் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்ததும் தூள் சர்க்கரையில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். மிஞ்சும் பாகைக் கொட்ட வேண்டாம், சர்பத்துக்கு நன்றாயிருக்கும். புட்டியில் நுரையோ கள் வாடையோ தெரிந்தால், 0.62 வரை வாழும் அந்த ஈஸ்ட் வந்துவிட்டது. பூஞ்சை தெரிந்தால் யோசிக்காமல் எறியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தோல்தானே, பழம்தானே என்று எண்ண வேண்டாம், பத்தில் ஏழு பங்கு சர்க்கரை.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு என் யோசனை இது. கிறிஸ்துமஸ் கேக்குக்கான தோலை டிசம்பரில் செய்யாதீர்கள். ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ, மழை இறங்கும் முன் செய்து புட்டியில் அடைத்துவிடுங்கள். சரியாகக் காய்ந்தது மூன்று மாதம் தாராளமாக நிற்கும். டிசம்பர் வந்த பிறகுதான் நினைவு வந்தது என்றால், காயவைக்கும் வேலையையே விட்டுவிட்டுப் பாகோடு புட்டியில் வைத்து, கேக் செய்யும் அன்று வடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.